பாகெல்பெல்லின் டி மேஜர் கேனன்: ஐந்து பேர் சேர்ந்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் பாகெல்பெல்லின் இந்த கேனன், அதாவது ஒரே வரியைப் பலர் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து வாசிக்கும் பாட்டு, மூன்று வயலின்களுக்கும் ஒரு பாஸோ கன்டினுவோவுக்கும் (அடிவரித் துணைக்கும்) எழுதப்பட்டது. கன்டினுவோ என்றால் நடைமுறையில் ஒரு செல்லோவும், ஒரு ஹார்ப்சிகார்டோ கீபோர்டோதான். ஆக மொத்தம் ஐந்து பேர். நோட்டுகளைப் பார்த்தால் எளிது போலத் தோன்றும். அதனாலேயே புதிதாகக் குழு சேர்ப்பவர்கள் முதலில் இதை எடுக்கிறார்கள், நடுவழியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறார்கள். விரல் வேகம் குறைவதால் இது நடப்பது அபூர்வம். ஒத்திகையைத் தலைகீழ் வரிசையில் ஆரம்பிப்பதால்தான் பெரும்பாலும் நடக்கிறது. முதலில் பாஸ் (செல்லோவின் அடிவரி), பிறகு எல்லோரும் ஒரே வரி, அதற்கப்புறம்தான் கேனன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. வாத்தியத்தைத் தொடும் முன் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

செல்லோ எட்டு நோட்டுகளை வாசிக்கும்: டி, ஏ, பி, எஃப் ஷார்ப், ஜி, டி, ஜி, ஏ. ஒவ்வொன்றும் ஒரு பீட். நான்கு பீட் கொண்ட இரண்டு பார்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். அதே சுற்று 28 முறை வரும். ஆதி தாளத்தில் ஆவர்த்தனம் எண்ணிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றும் டி-யில் விழும். 28 சுற்று என்றால் 56 பார். 57-வது பாரில் எல்லோரும் சேர்ந்து முடிவு நோட்டில் நிற்பார்கள்.

முதல் சுற்றில் வயலின்கள் இல்லை. மூன்றாவது பாரில் முதல் வயலின் நுழையும். இரண்டாவது வயலின் ஐந்தாவது பாரிலும், மூன்றாவது வயலின் ஏழாவது பாரிலும் அதே சுருதியில் அதே நோட்டுகளை முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூவருக்கும் வரி ஒன்றே. நுழையும் நேரம்தான் வேறு.

அந்த வரியை இரண்டிரண்டு பார்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் இனிக் கண்ணி என்று சொல்கிறேன். முதல் வயலின் 27 கண்ணிகள் வாசிக்கும், இரண்டாவது 26, மூன்றாவது 25. கடைசிக் கண்ணிகளுக்கு நேரம் வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுவதால் பின்னால் வருபவர்களுக்கு அவை கிடைப்பதில்லை.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. எந்தச் சுற்றிலும் சுற்றின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் முதல் வயலினின் கண்ணி. இரண்டைக் கழித்தால் இரண்டாவது வயலின், மூன்றைக் கழித்தால் மூன்றாவது. பதினோராவது சுற்றில் அவர்கள் முறையே 10, 9, 8-வது கண்ணிகளில் இருக்க வேண்டும். ஒத்திகை முழுவதும் இந்தக் கணக்கில்தான் ஓடும். இதை எல்லோருக்கும் வாய்ப்பாடமாக்கிவிடுங்கள்.

2. எந்தப் பிரதியை எடுப்பது

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பாதிக்கு மேல் மாற்றி எழுதப்பட்டவை. பியானோவுக்கு, கிட்டாருக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு என்று சுருக்கியிருப்பார்கள். “மூன்று வயலின், பாஸோ கன்டினுவோ” என்று முகப்பில் போட்டிருக்கிறதா, மொத்தம் 57 பார் இருக்கிறதா, மூன்று வயலின் வரிகளும் ஒன்றையொன்று அப்படியே பின்தொடர்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் எடுத்துக்கொள்ளலாம். பாட்டு காப்புரிமைக் காலத்தைத் தாண்டியது என்பதால் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைப்பிரதித் தளத்தில் இலவசப் பிரதிகள் கிடைக்கும்.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுக்கு எழுதியதை எடுத்தால் மூன்றாவது வயலினின் இடத்தில் வயோலா இருக்கும். வயோலாவுக்கு அந்த உயரத்தில் வசதியாக வாசிக்க முடியாது என்பதால் அந்த வரியை மாற்றியிருப்பார்கள் அல்லது ஒரு ஆக்டேவ் கீழே இறக்கியிருப்பார்கள். அப்போது கேனன் இரண்டு குரல்களுக்குள் சுருங்கிவிடும். வயோலாக்காரரை வைத்துக்கொண்டே தீர வேண்டும் என்ற நிலை இல்லாவிட்டால் இதைத் தவிருங்கள்.

பிரதி கைக்கு வந்ததும் பென்சிலால் ஒவ்வொரு இரண்டு பாருக்கும் மேலே கண்ணி எண்ணை எழுதுங்கள். செல்லோவும் கீபோர்டும் சுற்று எண்ணை எழுத வேண்டும். அச்சில் உள்ள பார் எண் மட்டும் போதாது. “41-வது பார்” என்று சொன்னால் யாருக்கும் அது எந்தச் சுற்று என்று சட்டென்று தெரிவதில்லை.

3. முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டியவை

வயலின்காரர்கள் நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், டி மேஜர் ஸ்கேல் இரண்டு ஆக்டேவ் சுத்தமாக வர வேண்டும். பெரும்பகுதி முதல் பொசிஷனிலேயே அடங்கிவிடும். ஒரு மெட்ரோனோம், ஒரு டியூனர், பதிவு செய்ய ஒரு போன், ஆளுக்கொரு ஸ்டாண்டு, பென்சில். கீபோர்டில் ஹார்ப்சிகார்ட் ஒலி இருந்தால் நல்லது. பியானோ ஒலியை விட அது சீக்கிரம் தேய்வதால் வயலின்களை மூடாது.

சுருதியை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பரோக் வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் ஏ நோட்டை 415 ஹெர்ட்ஸில் வைக்கும். இன்றைய வழக்கம் 440. சாதாரண ஸ்டீல் கம்பிகளோடு இருப்பவர்கள் 440-லேயே இருங்கள். ஏறத்தாழ அரை நோட்டு இறக்கினால் கம்பி தளர்ந்து, வில்லுக்கு எதிர்ப்பு குறைந்து, பதில் மந்தமாகும். அதிலிருந்து கிடைக்கும் பலன் தொடக்கக் குழுவுக்குத் தேவையில்லை.

கர்நாடக சங்கீதம் வாசிக்கும் வயலின்காரர் யாராவது சேர்கிறார் என்றால் அவருக்கு இரண்டு வேலைகள் கூடுதல். ஸ-ப-ஸ-ப என்று கூட்டியிருக்கும் கம்பிகளை ஜி, டி, ஏ, ஈ என்று மாற்றி, ஒத்திகைக்கு முந்தின நாளே கம்பி நிலைத்து நிற்கும்படி விட வேண்டும். வந்த இடத்தில் திருகினால் அன்று முழுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, நோட்டிலிருந்து நோட்டுக்கு இழைந்து போகும் பழக்கத்தை இங்கே நிறுத்த வேண்டும். மூன்று பேர் ஒரே வரியைப் பின்தொடரும்போது ஒருவர் மட்டும் இழைத்தால் அது தனி வரி போலக் கேட்கும், தொடர்ச்சி அறுந்துவிடும்.

4. முதல் ஒத்திகை: செல்லோ மட்டும்

வயலின்காரர்களை உட்கார வைத்துவிட்டு செல்லோவை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் செய்யுங்கள். பாட்டு முழுதும் மாறாமல் நிற்பது இது ஒன்றுதான். இது தடுமாறினால் மேலே உள்ள மூவரும் தடுமாறுவார்கள்.

விரல் அமைப்பு: முதல் டி திறந்த கம்பி. ஏ, பி இரண்டும் ஜி கம்பியில் ஒன்றாம், மூன்றாம் விரல். எஃப் ஷார்ப் சி கம்பியில் நான்காம் விரலை நீட்டி வைப்பது. ஜி திறந்த கம்பி. கீழ் டி சி கம்பியில் ஒன்றாம் விரல். பிறகு மறுபடி ஜி, ஏ. இதில் சறுக்கும் இடம் எஃப் ஷார்ப். நீட்டல் போதாமல் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுக் கீழே விழும். தனியாகக் கேட்கும்போது தெரியாது. மேலே வயலின் சி ஷார்ப் வைத்ததும் உறுத்தும். அப்போது எல்லோரும் வயலின்காரரைப் பார்ப்பார்கள், பழி அவருக்குப் போகும். ஆகவே பியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறங்குவதை மட்டும் டியூனர் வைத்துத் திரும்பத் திரும்ப எடுங்கள்.

ஒவ்வொரு நோட்டுக்கும் தனி வில். நோட்டு ஆரம்பத்தில் தெளிவாக, முடிவில் தானாகத் தேய்ந்து, அடுத்ததுக்கு முன் இமைப்பொழுது காற்று. நீளமாக ஒட்டி இழுத்தால் கனம் ஏறி வேகம் குறைந்துகொண்டே போகும். எட்டு நோட்டும் ஒரே கனத்தில் இருந்தாலும் சரியில்லை. சுற்றின் முதல் டி-க்கும் நடுவில் வரும் ஜி-க்கும் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள், கடைசி ஏ அடுத்த டி-யை நோக்கிச் சாயட்டும். வயலின்காரர்கள் தொலைந்துபோனால் அந்த டி-யைக் கேட்டுத்தான் திரும்பி வருவார்கள்.

28-ஐ ஒரே எண்ணிக்கையாக எண்ணினால் கவனம் சிதறும். நான்கு சுற்றுக்கு ஒரு கட்டம் என்று ஏழு கட்டங்களாகப் பிரித்து, பிரதியில் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு எழுத்து போடுங்கள். ஐந்தாவது கட்டம், மூன்றாவது சுற்று என்று எண்ணுவது 19 என்று எண்ணுவதை விடப் பிடிமானம் தரும். முழு 28 சுற்றையும் மெட்ரோனோமோடு ஒருமுறை, மெட்ரோனோம் இல்லாமல் ஒருமுறை வாசித்து, இரண்டும் எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிடுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. மூன்று வயலின்களும் ஒரே நேரத்தில் ஒரே வரி

புதியவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். நேராக இரண்டு பார் தள்ளி நுழைந்து கேனனாக வாசிக்க ஆசைப்படுவார்கள். முதல் ஒத்திகையில் அது நன்றாகவே கேட்கும். அங்கேதான் ஆபத்து.

காரணம் இது: எல்லாக் கண்ணிகளும் ஒரே பாஸ் சுற்றின் மேல் எழுதப்பட்டவை. அதனால் எந்தக் கண்ணியை எந்தச் சுற்றில் வாசித்தாலும் பெரும்பாலும் பொருந்தும். நீங்கள் ஒரு கண்ணியைத் தவறவிட்டாலும், இரண்டு முறை வாசித்தாலும், காது எச்சரிக்காது. மற்றப் பாடல்களில் தவறு உடனே நாராசமாகக் கேட்டு நம்மை நிறுத்தும். இங்கே தவறு இனிமையாகவே கேட்கும். கடைசி நோட்டில் ஒருவர் மட்டும் நடுக்கண்ணியில் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே மூவரும் சேர்ந்து, ஒரே நேரத்தில், முதல் வயலினின் 27 கண்ணிகளையும் செல்லோவோடு வாசியுங்கள். இதில் எங்கே ஒருவர் பிசகினாலும் உடனே தெரியும், ஏனென்றால் மூவரும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். கண்ணிகள் எப்படி மாறுகின்றன என்று காதுக்குப் பழக்கமாகும்: முதல் இரண்டும் பீட்டுக்கு ஒரு நோட்டாக இறங்கி வரும், அடுத்து பீட்டுக்கு இரண்டு, பிறகு நான்கு, அதற்கப்புறம் பீட்டுக்கு எட்டு வரை வேகம் கூடும். பின்பகுதியில் ஓய்வுக்குப் பின் எதிர்த்துடிப்பில் நுழையும் இடங்களும் ஆக்டேவ் தாவல்களும் வரும்.

எதிர்த்துடிப்பு இடங்களைத் தனியாக எடுத்துப் பழகுங்கள். பீட்டில் செல்லோ, பீட்டுக்கு நடுவில் வயலின். சற்று பயந்தாலும் வயலின் முந்திவிடும். கால் தட்டாதீர்கள், செல்லோவின் வில்லைப் பாருங்கள்.

6. வில் திசைகளை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்

மூவரும் சேர்ந்து வாசிக்கும்போதே எங்கே கீழ்வில், எங்கே மேல்வில், எங்கே இரண்டு நோட்டைச் சேர்ப்பது என்று பேசி முடித்து, மூன்று பிரதியிலும் ஒரே மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். கேனனில் இது அழகுக்காக மட்டும் செய்வதில்லை. முதல் வயலின் ஒரு கண்ணியைத் தனித்தனி வில்லில் வாசித்து, இரண்டாவது அதையே சேர்த்து இழுத்தால், கேட்பவருக்கு அது அதே வரி என்று தெரியாது. பின்தொடரல் கேட்கவில்லை என்றால் கேனன் வாசித்துப் பயனில்லை.

பொது விதி ஒன்று போதும்: ஒவ்வொரு கண்ணியின் முதல் நோட்டும் கீழ்வில்லில் வரட்டும். முதல் கண்ணியில் எட்டு நோட்டுகள், எட்டுத் தனி வில்கள், அதனால் அடுத்த கண்ணி தானாகவே கீழ்வில்லில் தொடங்கும். நோட்டு எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும் கண்ணிகளில் மட்டும் எங்கே இரண்டைச் சேர்ப்பது என்று பாருங்கள்.

விப்ராட்டோவைக் குறையுங்கள். மூவர் ஒரே உயரத்தில் அருகருகே நகரும்போது மூன்று விதமான நடுக்கம் சேர்ந்தால் சுருதியே கலங்கிவிடும். நீண்ட நோட்டில் மட்டும் லேசாக வைத்தால் போதும்.

7. வேகத்தைக் கடினமான கண்ணியிலிருந்து கணக்கிடுங்கள்

முதல் கண்ணியை வசதியான வேகத்தில் ஆரம்பிப்பதுதான் இந்தப் பாட்டில் அதிகம் நடக்கும் தவறு. அங்கே பீட்டுக்கு ஒரே நோட்டு, எந்த வேகமும் வசதிதான். பீட்டுக்கு எட்டு நோட்டு வரும் கண்ணியை அடையும்போது அந்த வேகம் தாங்காது.

நிமிடத்துக்கு 60 பீட் என்று வைத்தால் அந்தக் கண்ணிகளில் நொடிக்கு எட்டு நோட்டு. 50 என்றால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. முதலில் அந்தக் கண்ணிகளை மட்டும் எடுங்கள். 40-ல் தொடங்கி மெட்ரோனோமை நாலு நாலாக ஏற்றுங்கள். மூவரில் மெதுவானவர் சுத்தமாக வாசிக்கும் உச்ச வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து நாலு குறையுங்கள். மொத்தப் பாட்டுக்கும் அதுதான் வேகம். மேடையில் பதற்றம் அந்த நாலைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

மொத்தம் 57 பார், 228 பீட். 60-ல் வாசித்தால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 50-ல் நாலரை நிமிடம். பல பேருக்குக் காதில் பதிந்திருப்பது 1968-ல் ழான் பிரான்சுவா பையார் நடத்திய பதிவின் மிக மெதுவான நடை. அழகான பதிவுதான், ஆனால் ஐந்து பேர் அந்த மெதுவில் வாசித்தால் நோட்டுகளைத் தாங்கிப் பிடிக்க வில் போதாது. என் பரிந்துரை 50-க்கும் 60-க்கும் இடையே.

நோட்டுகள் சிறிதாகும்போது எல்லோருக்கும் ஓட ஆசை வரும், சிறிய நோட்டுகள் முடிந்து பெரிய நோட்டுகள் திரும்பும்போது இழுக்கத் தோன்றும். இரண்டையும் தடுப்பது செல்லோவின் வேலை. வயலின்கள் முந்தினால் செல்லோ கூடவே ஓடக் கூடாது. இதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். செல்லோக்காரர் பெரும்பாலும் நல்ல மனசோடு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துப் பழகியிருப்பார். இங்கே அந்தக் குணம் பாட்டைக் கெடுக்கும்.

8. இரண்டு குரல், பிறகு மூன்று

இப்போதுதான் கேனன். முதலில் செல்லோவும் முதல், இரண்டாம் வயலின்களும் மட்டும். மூன்றாமவர் ஸ்கோரைப் பார்த்தபடி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சுற்று எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும். வாசிப்பவர்கள் கழித்தல் கணக்கைப் போட்டுத் தங்கள் கண்ணியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஆளை மாற்றி, இரண்டாவதும் மூன்றாவதும் வாசிக்க, முதலாமவர் எண் சொல்லட்டும். முதலுக்கும் மூன்றுக்கும் இடையே இரண்டு கண்ணி தூரம் என்பதால் அந்த ஜோடிக்குத் தனியாக ஒரு முறை தேவைப்படும்.

தொலைந்துபோனதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. இரண்டாவது வயலின் தவறி ஒரு கண்ணி தாண்டிவிட்டால் முதல் வயலினோடு ஒரே நோட்டை வாசித்துக்கொண்டிருக்கும். உங்கள் சத்தம் திடீரென்று இன்னொருவர் சத்தத்துக்குள் மறைந்துவிட்டால் நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள், அல்லது அவர் பின்தங்கிவிட்டார்.

தொலைந்தால் என்ன செய்வது என்றும் ஒத்திகை பார்க்க வேண்டும். விதி: நிறுத்துங்கள், அடுத்த சுற்றின் டி-க்குக் காத்திருங்கள், சரியான கண்ணியின் தொடக்கத்தில் மட்டும் நுழையுங்கள். கண்ணியின் நடுவில் நுழையக் கூடாது. ஒரு சுற்று மௌனமாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், மற்ற இரண்டு குரல் போய்க்கொண்டிருக்கும். ஒத்திகையில் வேண்டுமென்றே ஒருவரைக் கையமர்த்தி நிறுத்தி, இரண்டு சுற்று கழித்து நுழையச் சொல்லுங்கள். இதைப் பழகிய குழு மேடையில் பயப்படுவதில்லை.

மூன்றாவது வயலின் ஆரம்பத்தில் ஆறு பார் சும்மா இருக்க வேண்டும். அந்த ஆறு பாரை ஓய்வாக எண்ணாமல், முதல் வயலினின் முதல் இரண்டு கண்ணிகளை மனசுக்குள் பாடச் சொல்லுங்கள். அவை முடியும் இடமே நுழையும் இடம். எண்ணிக்கை தப்பலாம், பாட்டு தப்பாது.

9. சுருதி: செல்லோவிலிருந்து மேலே

மூன்று வயலின்களும் தங்களுக்குள் ஒத்துப்போக முயல்வார்கள், செல்லோவை மறந்துவிடுவார்கள். கீழிருந்து கட்டுங்கள். செல்லோ டி-யைப் பிடித்துக்கொண்டிருக்க ஒருவர் எஃப் ஷார்ப் வைக்கட்டும். சுத்தமாக இணையும் மேஜர் தேர்டு (டி-யிலிருந்து எஃப் ஷார்ப் வரையுள்ள இடைவெளி), டியூனர் காட்டும் இடத்தை விட ஏறக்குறைய 14 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரை நோட்டு) கீழே இருக்கும். ஏ-யின் மேல் சி ஷார்ப்புக்கும் இதேதான். டியூனர் முள்ளை மட்டும் நம்பினால் இந்த இரண்டு நோட்டுகளும் கூர்மையாகக் கேட்கும்.

கீபோர்டு சேர்ந்தபின் இதை முழுசாக அடைய முடியாது, ஏனென்றால் அதன் சுருதி மாறாது. நடுவில் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். கீபோர்டுக்காரர் தேர்டை இரட்டிக்காமல் ஒரே ஒரு முறை, மெதுவாக வைத்தால் உரசல் குறையும்.

10. கீபோர்டு எப்போது, என்ன வாசிப்பது

கீபோர்டைக் கடைசியாகச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், அது எல்லா ஓட்டைகளையும் மூடிவிடும். வயலின்களின் தவறு அதற்குள் மறைந்து, மேடை வரை வந்துவிடும்.

இடக்கை செல்லோவின் நோட்டுகளையே வாசிக்கும். வலக்கை கார்டுகள். டி மேஜரில் ஆரம்பிக்கும்போது வலக்கையில் கீழிருந்து மேலாக எஃப் ஷார்ப், ஏ, டி என்று வைத்தால், அடுத்தது ஈ, ஏ, சி ஷார்ப். பிறகு டி, எஃப் ஷார்ப், பி. சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ. பி, டி, ஜி. ஏ, டி, எஃப் ஷார்ப். மறுபடி பி, டி, ஜி. கடைசியில் ஏ, சி ஷார்ப், ஈ. கை பெரும்பாலும் இறங்கிக்கொண்டே வரும். சுற்று முடிந்ததும் மறுபடி மேலே போய் ஆரம்பிக்கலாம்.

கடைசி இரண்டு கார்டுகளில் கவனம் தேவை. ஜி-யிலிருந்து ஏ-க்கு பாஸ் ஏறுகிறது. வலக்கையும் கூடவே பி, டி, ஜி-யிலிருந்து சி ஷார்ப், ஈ, ஏ என்று ஏறினால் எல்லாக் குரல்களும் ஒன்றாக நகர்ந்து இணை ஃபிஃப்த்தும் இணை ஆக்டேவும் விழும். பரோக் எழுத்தில் தவிர்க்கும் ஒலி அது, காதுக்கும் முரட்டுத்தனமாக இருக்கும். பாஸ் ஏறும்போது வலக்கை இறங்க வேண்டும்.

இன்னொன்று. மேலே சொன்ன கார்டுகளின் உச்ச நோட்டுகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: டி, சி ஷார்ப், பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஜி, ஈ. இது வயலினின் இரண்டாவது கண்ணியேதான். அதனால் ஐந்தாவது பாரிலிருந்து பத்தாவது பார் வரை, மூன்று வயலின்களும் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கண்ணியை வாசிக்கும்போது, வலக்கை அதே நோட்டுகளை இரட்டிக்கும். அந்த ஆறு பாரில் உச்ச நோட்டை விட்டுவிட்டு இரண்டு நோட்டு கார்டாக வையுங்கள். பிறகு மூன்று நோட்டுக்குத் திரும்பலாம்.

வேகமான கண்ணிகளில் கீபோர்டும் வேகமாக அலங்கரிக்க ஆசைப்படும். வேண்டாம். பீட்டுக்கு ஒரு கார்டு, சில இடங்களில் இரண்டு பீட்டுக்கு ஒன்று. மேலே நெரிசல் கூடும்போது கீழே இடம் விட வேண்டும்.

11. யார் சத்தம் மேலே கேட்க வேண்டும்

பிரதியில் சத்தக் குறியீடு இல்லை என்பதால் எல்லோரும் ஒரே சத்தத்தில் வாசித்துவிடுவார்கள். புதுக் கண்ணியை எப்போதும் முதலில் கொண்டுவருவது முதல் வயலின். அந்தக் கண்ணி முதல் முறை வரும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். அதே கண்ணி இரண்டாவது, மூன்றாவது வயலினில் வரும்போது காது அதை ஏற்கெனவே அறிந்திருக்கும், சற்று மெதுவாக இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆகவே ஒவ்வொருவரும் கண்ணியின் முதல் இரண்டு நோட்டுகளைத் தெளிவாக வைத்து மீதியில் பின்வாங்கினால் போதும். கூடவே, நீண்ட நோட்டு உள்ளவர் குறுகிய நோட்டு உள்ளவருக்கு வழி விட வேண்டும்.

உட்காரும் விதமும் இதற்கு உதவும். மூன்று வயலின்களையும் ஒட்டி உட்கார வைக்காமல் அரைவட்டமாகப் பிரித்து, நடுவில் செல்லோ, அதன் பின்னால் கீபோர்டு. ஒரே வரி இடமிருந்து வலமாக நகர்வதைக் கேட்பவர்கள் உணர்வார்கள். வாசிக்கும் இடத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். போனைக் கேட்பவர் உட்காரும் இடத்தில் வைத்துப் பதிவு செய்து, பிறகு பேசுங்கள்.

12. முடிவும் ஜிக்கும்

கடைசிச் சுற்றில் மூவரும் வெவ்வேறு கண்ணிகளில் இருப்பார்கள், 57-வது பாரில்தான் சேர்வார்கள். வேகத்தைக் குறைப்பதென்றால் 28-வது சுற்றின் இரண்டாவது பாரில் மட்டும், செல்லோ காட்டும் அளவுக்கு. அதற்கு முன்னாலேயே குறைக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு அளவில் குறைந்து கடைசி நோட்டு சிதறும். இறுதி நோட்டை எப்போது விடுவது என்பதை முதல் வயலின் வில்லை உயர்த்திக் காட்டட்டும்.

கேனனை அடுத்து ஒரு ஜிக் (துள்ளல் நடன இசை) இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள் என்பேன். 12/8 தாளத்தில், பத்துப் பத்துப் பார்களாக இரண்டு பகுதிகள், துள்ளும் நடை. கேனனின் நீண்ட சுற்றுக்குப் பிறகு அது தேவைப்படுகிறது. ஆனால் இங்கே பாஸ் சுற்று இல்லை, மூன்று வயலின்களும் ஒரே வரியை வாசிப்பதும் இல்லை. கருப்பொருளை ஒவ்வொருவராக எடுத்துப் பிறகு அவரவர் வழியில் போவார்கள். அதனால் கண்ணிக் கணக்கு உதவாது, சாதாரண பார் எண்ணே போதும். ஒத்திகையையும் தனியாக வையுங்கள்: ஒரு பாருக்கு நான்கு பெரிய பீட், ஒவ்வொன்றிலும் மூன்று சிறிய நோட்டு என்று முதலில் கை தட்டிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாத்தியத்தை எடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் சுருதி சேர்க்க எழுந்து நிற்காதீர்கள். கைதட்டல் வந்துவிடும், மறுபடி வேகம் பிடிக்கச் சிரமம். கேனனின் கடைசி நோட்டு முடிந்ததும் செல்லோ இரண்டு பீட் அளவு மூச்சு எடுத்து, தலையசைத்து நேராக ஜிக்குக்குள் போகட்டும். பிரதியில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தால் ஜிக்கின் முதல் பக்கத்தைத் தனியாக நகலெடுத்து அருகிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.